நீலப் பட்டை சொன்ன பொய்

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘செந்தமிழ்ச்செல்வி வீடு எது’ என்று கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ‘பிளேன்காரி வீடு’ என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தாமலே தாடையால் வழி காட்டுவார். இத்தனைக்கும் அவள் பிளேனில் ஏறியதே கிடையாது. தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பிளேனும் பறக்கிற வகை இல்லை. சக்கரத்துக்குக் கீழே செங்கல் முட்டுக் கொடுத்து, இறக்கையில் ஹாஸ்டல் பையன்கள் லுங்கி காயப்போட்டிருந்த பிளேன்.

அவள் அப்பா பூமாலை, கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு வைக்கிறவர். ஊரில் எல்லோரும் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியபோது, அவர் மட்டும் மேலே பார்த்தார். பார்த்த நேரத்தில் ஒரு விமானம் கல்வராயன் மலைக்கு மேலே கோடு கிழித்துக்கொண்டு போனது. அதோடு முடிந்தது கதை. செல்வி சென்னைக்கு வெளியே ‘வானமே வாசல் ஏவியேஷன் அகாடமி’யில் விமானப் பராமரிப்புப் படிக்கப் போனாள். நீல கேட், நீலச் சுவர், நீல டை. பெயருக்கேற்ப வாசல் நன்றாகவே இருந்தது. வானம்தான் கடைசிவரை வந்து சேரவில்லை. படிப்பு முடிகிற சமயத்தில் முதலாளி எங்கேயோ போய்விட்டார், கேட்டில் பூட்டு தொங்கியது.

இன்ஜின் பாடம் எடுத்த சாருக்கும் சம்பளம் பாக்கி. அவர் பின்பக்கச் சுவரேறிக் குதித்து, வகுப்பில் பாடத்துக்கு வைத்திருந்த இன்ஜினைக் கழற்றி, மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கல்யாண வீட்டில் தேங்காய்ப் பை கொடுப்பது போல ஆளுக்கு ஒன்று. ஒருத்தனுக்குப் பல்சக்கரம், ஒருத்தனுக்கு வால்வு. முதல் ரேங்க் வாங்கிய செல்விக்கு ஒரு முழு சிலிண்டர்.

சின்னக் குடம் அளவு இருக்கும் அது. கீழே இரும்புக் குழல், அதன் உள்ளேதான் பிஸ்டன் ஏறி இறங்கும். மேலே அலுமினியத் தலை. காற்றில் சூடு ஆறுவதற்காக உடம்பு முழுக்கத் தகடு தகடாக மடிப்பு. குழலின் இடுப்பில் ஒரு நீலப் பட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஊர் வந்து சேர்ந்தபோது, “இன்னாம்மா இது, கிரைண்டரா?” என்று கேட்ட கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார்.

அதற்கப்புறம் வேலை வரவில்லை. வராத வேலைக்கும் சேர்த்து அவள் வாய் வேலை செய்தது. பால் ஊற்ற வருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், வழி தப்பி வருகிறவர், யாரையும் விடமாட்டாள்.

“இந்த நீலப் பட்டைய பாத்தீங்களா? சும்மா அழகுக்கு அடிச்சதுன்னு நெனச்சிக்கினு இருக்காதீங்க. சிலிண்டர எப்படிச் செஞ்சான்னு சொல்ற அடையாளம். நீலம்னா நைட்ரைடு. அம்மோனியா வாயு வுட்டு உலையில வச்சி, இரும்பு மேல்தோல மட்டும் கெட்டியாக்கியிருக்கான். ஆரஞ்சுன்னா உள்பக்கம் குரோம் முலாம். குரோம் சிலிண்டர்ல பிஸ்டனுக்குக் குரோம் ரிங்கு போடக் கூடாது. போட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுடும். அப்புறம் நடுவானத்துல நிக்க வேண்டியதுதான்.”

மீட்டர்காரர் பயந்து ஒரு யூனிட் கம்மியாகவே எழுதிக்கொண்டு போனதாகக் கேள்வி.

அந்தப் பேச்சு முழுக்க சார் போர்டில் எழுதிப் போட்டதுதான். சிலிண்டருக்குள்ளே என்ன இருக்கிறது என்று செல்வி ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பட்டை இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்? அவள் அம்மா கமலாதான் அதை உருப்படியாகப் பயன்படுத்தினார். மலைக்காற்று அடிக்கிற மாதங்களில் தோட்டத்துக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைப்பார்.

இப்படியே இரண்டு பொங்கல் போனது. மூன்றாவது பொங்கலுக்கு முன்னால், சேலத்தைத் தாண்டி இருக்கிற விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி இமெயில் வந்தது. அதில் மூன்று வாக்கியம். ஏதாவது ஓர் இன்ஜின் பாகத்தைக் கொண்டு வாருங்கள். அது எப்படித் தயாரானது என்று சொல்லுங்கள். அப்படித்தான் தயாரானது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லுங்கள். செல்வி முதல் இரண்டைப் படித்துவிட்டுத் துள்ளினாள். மூன்றாவதைப் படிக்கிற அளவுக்குப் பொறுமை இருந்திருந்தால் அவள் பிளேன்காரியாகவே ஆகியிருக்க மாட்டாள்.

அவள் துள்ளலை அடக்கத் தாய்மாமன் கந்தசாமி இருந்தார். திருக்கோவிலூரில் செல்போன் கடை வைத்திருக்கிற தமிழரசன் என்கிற மாப்பிள்ளையைக் கையோடு பிடித்து வைத்திருந்தார்.

“காணும் பொங்கலன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்க. மறுநாள் நீ போயி அந்தப் பரீட்சைய எழுதிட்டு வா. ஆவலன்னு வச்சிக்கோ, இந்தத் தையிலயே கல்யாணம். அந்த இரும்பக் காயலான் கடைக்குப் போட்டுடணும். இன்னா மாமா, நா சொல்றது?” என்று பூமாலையைக் கேட்டார்.

பூமாலை மகளைப் பார்த்தார். மகள் சிலிண்டரைப் பார்த்தாள்.

“இந்த ஒரு தபா போய்ட்டு வரட்டும். அப்புறம் உன் இஷ்டம்” என்றார் பூமாலை. இந்த ஒரு தபாவில் அவள் தலையெழுத்து முழுக்கத் தொங்கியது. நீலப் பட்டை இருக்கிற தைரியத்தில் அவள் கவலையே படவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற வண்ணம், கொம்போடு நிற்காது. ஏர் கிடையாது என்பதால் டிராக்டரின் மூக்குக்கு ஒரு கோடு, மோட்டாருக்கு ஒரு கோடு, மண்வெட்டிக் காம்புக்கு ஒரு கோடு. உழைக்கிற எதையும் விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பது பூமாலையின் கணக்கு. ஒரு வருஷம் மிக்ஸிக்கு அடித்து, அம்மா அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

செல்வி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தாள். மாட்டுக் கொட்டகை வாசலில் காளை நின்றது, கொம்பு சிவப்பும் பச்சையுமாக. பக்கத்தில் சிலிண்டர் நின்றது. அதுவும் சிவப்பும் பச்சையுமாக. ஒரு தகடு சிவப்பு, அடுத்த தகடு பச்சை, மாற்றி மாற்றி. அப்பா அவசர வேலை பார்க்கவில்லை, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் குச்சியில் துணி சுற்றி விட்டு நிதானமாக அடித்திருந்தார். இடுப்பில் நீலம் இருந்த இடத்தில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய மாலை. தலையில் சந்தனம், குங்குமம்.

“யப்பா, இன்னா பண்ணி வச்சிருக்க?”

“வேலை செய்யிற சாமானுக்கெல்லாம் அடிக்கிறோம் பாப்பா. நாளான்னிக்கு உனுக்கு வேலை வாங்கிக் குடுக்கப் போற சாமான். அத்த மட்டும் எப்படி வுடுறது?”

இந்தப் பதிலுக்கு யாராலும் கோபித்துக்கொள்ள முடியாது. செல்வி கோபித்துக்கொண்டாள். தின்னர் டப்பாவையும் பழைய வேட்டித் துணியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காளை மட்டும் அவளோடு போய், நடந்தது என்னவென்று புரியாமல் பக்கத்தில் நின்றது.

சிவப்பு போனது. பச்சை போனது. அவற்றைப் பிடித்துக்கொண்டு நீலமும் போனது. துணியில் நீலம் கறையாக இறங்குவதைப் பார்த்து அவள் கை நின்றது. அவளுக்குத் தெரிந்தது மொத்தமே அந்த நீலம்தான். இரண்டு வருஷப் படிப்பும் மூன்று விரல் அகலத்தில் வேட்டித் துணிக்கு வந்துவிட்டது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அப்பா கொட்டகைக்குள்ளேயே நின்று, ஏற்கனவே வைக்கோல் இருந்த தொட்டியில் மறுபடி வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

அழுகையோடு அழுகையாக மிச்சத்தையும் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். நீலம் உரிந்த இடத்தில், இரண்டு தகடுகளின் அடி மடிப்பில், துணி எட்டாத மூலையில், ஆரஞ்சு. நகத்தால் சுரண்டினாள். ஆரஞ்சேதான். முதலில் ஆரஞ்சு, அதன் மேல் நீலம்.

அகாடமியின் நீல கேட் ஞாபகத்துக்கு வந்தது. நீலச் சுவர் வந்தது. வகுப்பு அலமாரியில் இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பாருங்க, ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று’ என்று சார் காட்டியதும் வந்தது. இரண்டும் ஒரே இன்ஜினிலிருந்து கழற்றியவை. அதெப்படி அந்த நீலம் அச்சாக கேட்டின் நீலமாகவே இருந்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. பாடத்துக்கு ஒரு நீலம் வேண்டியிருந்தது. கேட்டுக்கு அடித்த டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இமெயிலை எடுத்து மூன்றாவது வாக்கியத்தை இப்போதுதான் படித்தாள்.

முதல் தடவையாக சிலிண்டரைக் கவிழ்த்து உள்ளே பார்த்தாள். பார்க்கப் பார்க்க வெளியேயும் பார்க்க வேண்டியிருந்தது. பிரிட்ஜிலிருந்து பழனி முருகன் காந்தத்தைப் பிடுங்கி வந்தாள். முருகன் குழலில் ஒட்டினார், தலையில் ஒட்டாமல் விழுந்தார். தலை அலுமினியம்தான். அதன் மேல் மணல் அச்சில் ஊற்றிய சொரசொரப்பு இருந்தது, எழுத்துகள் புடைத்து நின்றன. அது வார்ப்பு. குழலின் தகடுகளில் அந்தச் சொரசொரப்பே இல்லை. லேத்தில் உளி போன வட்டக் கோடு, ஒவ்வொரு தகட்டிலும் மெல்லியதாக. அடித்து உருவாக்கிய முழு எஃகுத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தது அது. தலையும் குழலும் மரை போட்டுச் சேர்ந்திருந்தன. தலையைச் சூடாக்கி முறுக்கியிருப்பார்கள், ஆறியதும் இறுகிக்கொண்டிருக்கும். இவ்வளவும் போர்டில் ஒருநாள் எழுதியிருந்ததுதான். கண்ணால் பார்த்தபோது யாரோ புதிதாகச் சொல்வது போல இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. உள்பக்கம் குரோமா, நைட்ரைடா? நீலமா, ஆரஞ்சா?

மறுநாள் காணும் பொங்கல். மாப்பிள்ளை வீட்டார் கிளம்புவதற்கு முன்பே தமிழரசனுக்கு ஒரு போன் போனது.

“நான்தான் பொண்ணு பேசறேன். கடையில செல்போன் நோண்டறதுக்குக் கண்ணுல மாட்டிக்கிற லென்ஸ் வச்சிருப்பீங்க இல்ல?”

“இருக்குதுங்க. எதுக்குங்க?”

“எடுத்துக்கினு வாங்க. மறந்துடாதீங்க.”

பெண்ணைப் பார்க்க லென்ஸ் எடுத்துக்கொண்டு போன முதல் மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் தமிழரசனாகத்தான் இருக்க வேண்டும்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். செல்வி பட்டுப் புடவையில் தட்டோடு வந்தாள். தட்டில் காபி இல்லை. ஒரே ஒரு கண்ணாடி டம்ளரில் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ இருந்தது. கந்தசாமி ஆசையாகக் கை நீட்டினார்.

“இது இன்னா மருமவளே, புது ஜூஸா?”

“குடிச்சிடாதீங்க மாமா. மாட்டுக்குக் குளம்பு அழுவினா போடுவோமே, அந்த மயில்துத்தம். தண்ணியில கரைச்சிருக்கேன்.”

கந்தசாமி கையைப் பின்னால் இழுத்து, வேட்டியில் துடைத்து, முகர்ந்தும் பார்த்துக்கொண்டார்.

செல்வி சிலிண்டரை நடு ஹாலில் வைத்தாள். வெளிப்பக்கம் வண்ணம் போன இடத்தில், எஃகின் மேல் ஒரு குச்சியால் துத்த நீரைத் தொட்டு வைத்தாள். கண் எதிரே அந்தப் புள்ளி செம்பு நிறமாக மாறியது. வெறும் இரும்பாக இருந்தால் துத்தத்தில் இருக்கிற செம்பு அதில் வந்து உட்காரும். அப்புறம் குழலின் உள்ளே ஒரு சொட்டு. எல்லோரும் குனிந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் குனிந்தார், எதற்கு என்று தெரியாமலே. சொட்டு நீலமாகவே நின்றது. துடைத்தாள். கீழே வெள்ளிபோலப் பளபளப்பு, செம்பே இல்லை. குழலின் அடி விளிம்புவரை கோடாகத் தடவினாள். விளிம்புக்குச் சற்று முன்னால் வரை பளபளப்பு. அதற்கப்புறம், கத்தியால் வெட்டியது போல, செம்பு தொடங்கியது.

“முலாம் இங்கயோட முடியுது” என்றாள் செல்வி. “லென்ஸக் குடுங்க.”

தமிழரசன் கொடுக்கவில்லை. தன் கண்ணிலேயே மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, குழலுக்குள் தலையைச் செருகினார்.

“யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்க” என்றார் கந்தசாமி. “பொண்ணு பாக்க வந்த ஆளு பீரங்கிக்குள்ள தலைய வுட்டுக்கினு.”

“வெடிச்சி வெடிச்சி கெடக்குதுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “வெயில் காலத்துல கோமுகி டேம் காஞ்சா அடிமண்ணு பாளம் பாளமா கெடக்கும் இல்ல, அத்த சின்னதாக்கின மாதிரி. வலை கணக்கா. பொருள் கெட்டுப் போச்சா?”

“கெடலங்க. அது வேணும்னே பண்றது. குரோம் வழவழன்னு இருந்தா எண்ணெ நிக்காது. முலாம் போட்டப்புறம் கரண்ட மாத்தி வுட்டு, எண்ணெ தங்கறதுக்கு இப்படி வெடிப்பு வாங்குவாங்க.” சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். “இது குரோம். நைட்ரைடு இல்ல. ரெண்டு வருஷமா ஊரு முழுக்கத் தப்பாச் சொல்லிக்கினு இருந்திருக்கேன்.”

“பரவாயில்லங்க” என்றார் தமிழரசன், தலையை வெளியே எடுத்து. மூக்கில் கரி. “ஊர்ல யாருக்கும் புரிஞ்சிருக்காது.”

கிளம்பும்போது தமிழரசன் லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. நாளைக்கு அவளுக்கு வேண்டியிருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் அம்மா மட்டும் காரில் ஏறும்வரை கந்தசாமியை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் செல்வி யூரியா சாக்கில் சிலிண்டரைப் போட்டு, பஸ் மாறி, விமானப் பள்ளியின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். மற்ற இரண்டு பேர் லேப்டாப்போடு வந்திருந்தார்கள். தலைமை இன்ஜினியர் கோகிலவாணி, குட்டையான, கண்டிப்பான அம்மாள். யூரியா சாக்கைப் பார்த்தார், மேஜையைக் காட்டினார்.

செல்வி வார்ப்பையும் கடைசலையும் காட்டினாள். செம்பையும் வெடிப்பையும் காட்டினாள். தேய்ந்துபோன பழைய குழலைத் தேய்த்துச் சரிசெய்து, மேலே குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடும் என்றும் சொன்னாள். அம்மாள் சிலிண்டரைச் சுற்றி வந்து, அதன் இடுப்பில் விரல் வைத்தார்.

“பட்டை எங்கே?”

“மாட்டுப் பொங்கலுக்கு எங்கப்பா வேற கலர் அடிச்சிட்டாருங்க. தொடைச்சிட்டேன்.”

பின்னால் இரண்டு லேப்டாப்பும் சிரித்தன. கோகிலவாணி அலமாரியிலிருந்து இன்னொரு சிலிண்டரை எடுத்து வைத்தார். இடுப்பில் பளிச்சென்று நீலப் பட்டை. “இது?”

லேப்டாப்காரர்கள் இருவரும் சற்று முன் இதே கேள்விக்குப் பட்டையைப் பார்த்து, மூச்சு விடுவதற்குள் பதில் சொன்னவர்கள். செல்வி துத்தப் பாட்டிலைத் திறந்தாள்.

“மூடு அத. அது நாளைக்குப் பறக்கப் போற சிலிண்டர். மாட்டு மருந்த உள்ள விட்டின்னா உன்னை வெளிய விட்டுடுவேன்.”

பாட்டிலை மூடினாள். லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெடிப்பு இல்லை. குறுக்கும் நெடுக்கும் தீட்டிய கோடுகள், சாம்பல் நிறம். எழுந்தாள். ‘நைட்ரைடு’ என்ற வார்த்தை பழக்க தோஷத்தில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. கந்தசாமி மாமா கண்ணுக்குள் வந்தார், தைக் கல்யாணம் வந்தது, காயலான் கடைத் தராசும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் முடிந்தது.

“குரோம் இல்லைங்க. அது தெரியுது. நைட்ரைடா, சாதா எஃகான்னு கண்ணால பாத்து எனக்குச் சொல்லத் தெரியல.”

“பட்டை நீலம். கண்ணு தெரியுதில்ல?”

“தெரியுதுங்க. அது யாரு அடிச்ச நீலம்னு தெரியல. நம்பர் இருந்தா கம்பெனி புத்தகத்துல பாத்துச் சொல்றேன்.”

கோகிலவாணி ஒரு தடித்த புத்தகத்தை மேஜை மேல் போட்டார். செல்விக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. விரலை வைத்து, உதடசைத்து, அடி விளிம்பில் குத்தியிருந்த நம்பரைத் தேடினாள். லேப்டாப்காரர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கிடைத்தது.

“நைட்ரைடுங்க.”

“அதத்தானே பட்டையும் சொல்லுச்சு. அரைப் பொழுத வீணாக்கினியே.”

அம்மாள் புத்தகத்தை மூடினார்.

“மெக்கானிக் வேலை அந்த லேப்டாப் ரெண்டு பேர்ல கண்ணாடி போட்ட பையனுக்கு. அவன் லைசென்ஸ் பரீட்சையில பாதி முடிச்சிட்டான். உனக்கு அந்த அளவு இன்னும் ஆகல. கழட்டின பாகத்தக் கழுவி, அடையாளம் பாத்து, அடுக்கி வைக்க ஆள் வேணும். கை நாறும். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் பட்டையப் பாத்து அடுக்கினவங்க. வரியா?”

இரண்டு வருஷமாக ஊருக்கு அவள் விமான இன்ஜினியர். இப்போது கழுவுகிற வேலை. சிலிண்டரைத் தூக்கி யூரியா சாக்குக்குள் போட்டாள். பிறகு, “வரேங்க” என்றாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. ஊரே காதை நீட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

“யப்பா, வேலை கெடச்சிடுச்சி. பெரிய வேலை இல்ல. கழுவுற வேலைப்பா. பிளேன் சாமானெல்லாம் கழுவி அடுக்கணும்.”

எப்படியாவது அலங்கரித்துச் சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில் பூமாலை பேசினார்.

“சம்பளம் மாசா மாசம் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க.”

“கேட்டுல பூட்டு இருக்குதா பாத்தியா?”

“பாத்தேம்பா. கேட்டே இல்ல. தெறந்த மைதானம்.”

“அப்ப சரி” என்றார் பூமாலை. “எப்ப வரச் சொன்னாங்க?”

“நாளைக்குக் காலையில.”

“அப்ப திரும்பி வராத. அங்கயே ரூம்பு பாரு. துணிமணிய நா எடுத்துக்கினு வரேன். உங்க மாமன்கிட்ட நானே பேசிக்கிறேன்.” போனை வைக்கப் போனவர் மறுபடி எடுத்தார். “சாப்ட்டியா?”

அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, தெரு முனையில் இட்லிக் கடை இருக்கிறதா என்று பார்க்க நடந்தாள்.